மாமா வந்த பிறகு வந்த நாற்றம்

எங்கள் வீட்டுக் கீழ் ரூமில் நாற்றம் அடிக்கிறது என்று முதலில் சொன்னவள் நான்தான். சொன்னேன் என்பது மரியாதைக்கு. கத்தினேன். எனக்கு வாய் பெரிது. கம்பெனியில் மெஷின் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பேசி வந்த பழக்கம் என்று நான் சொல்லிக்கொள்வேன். அதெல்லாம் இல்லை, பெண் பார்க்க வந்த அன்றைக்கே இவள் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது என்பார் என் வீட்டுக்காரர்.

அன்று காலை மாமனாருக்கு ராகிக் கஞ்சி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கதவைத் திறந்ததுமே மூக்கில் அடித்தது. "அய்யய்யே, என்ன இந்த நாத்தம் நாறுது! கொடலப் பொரட்டுதே!" என்று நின்ற இடத்திலேயே சத்தம் போட்டேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமா சட்டென்று போர்வையை இழுத்து இடுப்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, கஞ்சியை வைத்துவிட்டு ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் பழைய பகுதியில், ஒரு சரிவில் இருக்கிறது. வேறு யாரோ கட்டி, வேறு யாரோ குடியிருந்து, கடைசியில் எங்கள் கைக்கு வந்த வீடு. ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போனதால், முன்பக்கம் வீடு ரோட்டோடு சமமாக நிற்கும். பின்பக்கம் அதற்குக் கீழே, பாதி மண்ணுக்குள் போன மாதிரி ஒரு ரூமும் ஒரு பாத்ரூமும் உண்டு. புரோக்கர் அதை 'பேஸ்மென்ட்' என்று வாய் நிறையச் சொன்னார். எங்களுக்கு அது கீழ் ரூம், அவ்வளவுதான். பல வருஷமாக அங்கே மாமாவின் ஊரான கல்லாவியிலிருந்து வரும் ராகி மூட்டை, உடைந்த கட்டில், என் வீட்டுக்காரர் வாங்கிய நாளோடு சரி என்று விட்ட எக்சர்சைஸ் சைக்கிள், இதெல்லாம்தான் குடித்தனம் செய்தன. கதவைத் திறப்பதே அபூர்வம். திறந்தால் ஒரு வாடை வரும். மூடிக் கிடந்த ரூம் வேறு எப்படி இருக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வேண்டியதை எடுத்து வருவோம்.

மாமாவுக்கு புரோஸ்டேட் ஆபரேஷன் ஆனபிறகு அந்த ரூமுக்கு யோகம் வந்தது. கல்லாவியில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். முட்டிவலியால் மாமாவால் படி ஏற முடியாது. கீழ் ரூமுக்குப் பின்பக்கச் சந்து வழியாகப் படியே இல்லாமல் வந்துவிடலாம். சுண்ணாம்பு அடித்து, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, கட்டிலைச் சரிசெய்து அவரைக் கூட்டிவந்தோம். கதவைத் திறந்தால் மண்ணில் கால் வைக்கலாம் என்பதே அவருக்குப் பெரிய சந்தோஷம். வந்த கொஞ்ச நாளிலேயே பின்னால் கையகல இடத்தில் வெண்டை போட்டுவிட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குச் சிறுநீர் அடக்கமுடியாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகும். காலையில் எழும்போதுதான் அதிகம். போகப் போகச் சரியாகும், தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஒரு பெரிய சொம்பில் தண்ணீர் வைப்பேன். நான் வேலையிலிருந்து வரும்போது காலியாக இருக்கும். பிறகு பாதி இருந்தது. அப்புறம் வைத்தது வைத்தபடியே இருந்தது.

"ஏன் மாமா, தண்ணி குடிக்கலியா?"

"தாவம் எடுக்கலம்மா."

அந்தச் சமயத்தில் இன்னொன்றும் நின்றுபோயிருந்தது. நான் வேலை செய்வது வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், லீக் டெஸ்ட் பிரிவில். பாகத்தை இறுக்கிப் பிடித்து உள்ளே காற்று ஏற்றி, எங்கே கசிகிறது என்று பார்ப்பது வேலை. சாயங்காலம் வந்ததும் மாமா கேட்பார்: "இன்னிக்கி எத்தினி ஓட்ட புடிச்ச பாப்பா?" நான் கதை கதையாகச் சொல்வேன். சூப்பர்வைசரைப் போலவே நடித்துக் காட்டுவேன். சிரித்துச் சிரித்து இருமுவார். என் சத்தத்தைக் குறை என்று ஒரு நாளும் சொல்லாதவர் அந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான். இப்போது நான் உள்ளே நுழைந்தால் எழுந்து கதவோரம் போய் உட்கார்ந்துகொண்டார். கேள்வியும் இல்லை, சிரிப்பும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரையும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அமாவாச கழிஞ்சதும் நான் ஊருக்குப் போயிடறன்."

"ஏன், இங்க என்ன கொறச்சல்?" என்றார் மகன்.

"கொறச்சல் ஒன்னுமில்லடா. நல்லாத்தான் பாக்கறீங்க. இந்த வாடை... நான் வந்ததுக்கு அப்பறந்தான வருது? என்னத்துக்கு ஊட்ல எல்லாரும் மூக்கப் புடிச்சிக்கினு திரியணும். எங்கிட்ட இருந்துதான் வருது. எனக்குத் தெரியும்."

எனக்குப் பகீரென்றது. போர்வையை இழுத்துச் சுற்றியது, தண்ணீர் குடிக்காதது, கதவோரம் உட்கார்ந்தது எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அவர் மேல் அப்படி ஒரு வாடையும் இல்லை. துவைத்துப் போடுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? இது மூத்திர நாற்றமே இல்லை, சாக்கடை நாற்றம், அழுகின முட்டை மாதிரி. அதைச் சொன்னேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை. "நீ நல்ல மனசுல சொல்ற பாப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கல்லாவியில் தண்ணீரும் குடிக்காமல் தனியாகக் கிடந்தால் இந்த மனுஷன் என்ன ஆவார்?

"அமாவாச வரைக்கும் டைம் குடுங்க மாமா. அதுக்குள்ள இது எங்கருந்து வருதுன்னு நான் கண்டுபுடிக்கறன். கண்டுபுடிக்கலேன்னா நானே பஸ் ஏத்தி உடறன்" என்றேன். வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

முதலில் பிளம்பரைக் கூப்பிட்டோம். உத்தனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, வேலையில் பாதி கன்னடம், எங்களோடு தமிழ். பாத்ரூமில் தண்ணீர் இறங்கும் ஜல்லடையைத் தூக்கிப் பார்த்தார். அதற்கு அடியில் ஒரு கிண்ணம் போல இருக்கும், நானி ட்ராப் என்பார்கள். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கவேண்டும். அந்தத் தண்ணீர்தான் குழாயில் இருக்கும் நாற்றத்தை மேலே வரவிடாமல் மூடி வைக்கிறது. எங்கள் கிண்ணம் கிட்டத்தட்ட காலி.

"ரூம் ரொம்ப நாளா மூடிக் கெடந்துச்சில்லக்கா, தண்ணி காஞ்சிப்போயிருக்கு. ரெண்டு பக்கெட் ஊத்துங்க, சரியாப்பூடும்" என்றார். பழைய ட்ராப்பையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். போகும்போது சந்தில் நின்று, "மேல வென்ட் பைப் இருக்குல்ல?" என்று கேட்டு அண்ணாந்து பார்த்தார். இருக்கிறது என்றேன். அவரும் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அன்று முழுக்க நாற்றம் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வெற்றி, வெற்றி என்று கேசரி கிளறினேன். மறுநாள் காலை இறங்கிப் போனால் அதே நாற்றம், என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்தியா? புதுசு வெச்சும் போவல. காலைல நான் எந்திரிச்சாத்தான் வருது" என்றார்.

என் வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. அவர் இன்னொரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. ஒரு கோளாறு வந்தால் ஏன், ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போவது அங்கே சாமி கும்பிடுகிற மாதிரி. எங்கள் பிள்ளையின் பழைய சிலேட்டில் 'ஏன் நாற்றம்?' என்று எழுதிக் கோடு கிழித்து, செத்த எலி, ஏரிக்குப் போகும் சாக்கடை, சிப்காட் புகை என்று கிளை கிளையாக வரைந்தார். எலிக்காக ராகி மூட்டை மொத்தத்தையும் இறக்கி ஏற்றினோம். எலி இல்லை, இடுப்பு வலிதான் மிச்சம். கழிவுக் குழாய்கள் வந்து சேரும் சேம்பர் மூடியைத் திறந்து பார்த்தார், அடைப்பு இல்லை. "எல்லாம் ஓகேவா இருக்குதே" என்று சிலேட்டைப் பார்த்து நின்றார். "ஓகேன்னா அப்பறம் நாறுது எது, உங்க சிலேட்டா?" என்று கேட்டேன். பாவம், சிலேட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

அமாவாசை நெருங்கியது. மாமா தன் வேட்டி சட்டைகளை மடித்துப் பையில் வைத்துவிட்டார். அந்தப் பை கட்டில் காலடியிலேயே இருந்தது. வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம் எது என்றுகூட எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

வழி திறந்தது ஒரு லீவு நாளில். எல்லாரும் தாமதமாக எழுந்தோம். நான் கஞ்சியோடு இறங்கியபோது மாமா எப்போதும் போல விடியும்போதே எழுந்து, குளித்து, திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். ரூமில் நாற்றம் இல்லை. துளிகூட இல்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் எழுந்து வெகு நேரமாகிறது. எழாமல் இருந்தது நாங்கள்தான். அந்தச் சமயத்தில் மேலே என் வீட்டுக்காரர் டாய்லெட் போய் ஃப்ளஷ் பண்ணினார். கீழே பாத்ரூமிலிருந்து 'களக், களக்' என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் நாற்றமும் வந்தது.

கஞ்சியை வைத்தேனோ போட்டேனோ தெரியாது. மேலே ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரை நுரை வர அடித்துக்கொண்டு வந்தேன். கம்பெனியில் மெஷின் எங்கே கசிகிறது என்று காட்டாமல் மக்கர் செய்தால் நாங்கள் செய்வது இதைத்தான். பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிகிற இடத்தில் குமிழி கிளம்பும், பொய் சொல்லாது. ஜல்லடை முழுக்க நுரையைப் பூசினேன். மாமாவை நாற்காலியோடு பாத்ரூம் வாசலுக்கு இழுத்து உட்காரவைத்தேன்.

"ஏங்க! ஃப்ளஷ் பண்ணுங்க!" என்று கீழிருந்து கத்தினேன்.

"இப்பத்தான பண்ணன்!"

"மறுபடி பண்ணுங்கன்னா! கேள்வி வேற!"

மேலே தண்ணீர் இரைந்தது. ஜல்லடை மேல் நுரை புடைத்து, பூரி மாதிரி உப்பி, பட்டென்று வெடித்தது. மறுபடி உப்பியது, மறுபடி வெடித்தது. நான் தரையில் மண்டிபோட்டபடியே கை தட்டினேன். "பாத்தீங்களா மாமா? நாறுறது நீங்க இல்ல. நீங்க பெத்த புள்ள!"

மாமா லேசாகச் சிரித்தார். ஆனால் அசைந்து கொடுக்கவில்லை. "அது சோப்பு பாப்பா. எதுல காத்து பட்டாலும் கொப்புளிக்கத்தான் செய்யும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. காத்து. மேலேயிருந்து தண்ணீர் குழாயில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். அந்தக் காற்றுக்குப் போக ஒரு வழி இருந்தால் அது ஏன் இந்தக் கிண்ணத்துத் தண்ணீரை உதைத்துக்கொண்டு வெளியே வருகிறது? எங்கள் டெஸ்டிலும் அப்படித்தான். மற்ற வாயையெல்லாம் அடைத்த பிறகுதான் இளப்பமான இடத்தில் குமிழி வரும். அப்படியென்றால் எங்கேயோ ஒரு வாய் அடைபட்டிருக்கிறது. நாற்றக் காற்று ஆகாயத்துக்குப் போவதற்கென்றே வைத்த வாய் ஒன்றுதான், மொட்டை மாடியில் நிற்கும் வென்ட் பைப்.

இரண்டிரண்டு படியாக ஏறினேன். மாடி மூலையில் அந்தப் பைப் நின்றது. அதன் உச்சியில், தினமும் துணி காயப்போடும்போது நான் பார்த்துப் பார்த்துப் பழகிய முகம் என்னைப் பார்த்து முறைத்தது. சுண்ணாம்புப் பொட்டு வைத்து, கரியில் மீசை போட்டுக் கவிழ்த்த மண்பானை. எங்கள் திருஷ்டிப் பானை.

மூன்று பொங்கலுக்கு முன்னால் பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்பியது. அதன் ஜன்னலெல்லாம் எங்கள் மாடியைத்தான் பார்க்கும். அப்போது மாமாவுக்கு முட்டி நன்றாக இருந்தது, ஊரிலிருந்து வந்திருந்தார். மாடி ஏறிப் பார்த்துவிட்டு, "இத்தினி கண்ணு பாக்குதே, ஊடு தாங்குமா?" என்று கவலைப்பட்டார். அவருடைய கடலைக் காட்டில் எப்போதும் ஒரு குச்சி மேல் புள்ளி வைத்த பானை நிற்கும். அடுத்த தடவை வரும்போது மத்தூர் சந்தையில் பானை வாங்கி, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். டவுனில் குச்சிக்கு எங்கே போவது? மூலையில் சும்மா நிற்கிற பைப் கண்ணில் பட்டது. கவிழ்த்தார். காற்றில் ஆடியது. "சிமென்ட் வெச்சிப் பூசுடா" என்றார். குவாலிட்டி பிரிவு மகன் ஏணியில் ஏறி, பானைக் கழுத்தைச் சுற்றி ஒரு இடுக்கு விடாமல் பூசினார். நான் கீழே நின்று போட்டோ எடுத்தேன். அருமையாக இருக்கிறது என்று சொன்னதும் நான்தான். பிளம்பரும் அண்ணாந்து பார்த்தாரே, திருஷ்டிப் பானையில் யார் குறை கண்டுபிடிப்பார்கள்? பிறகு கேட்டதற்கு, "எங்க ஊட்டு பைப்லயும் ஒன்னு இருக்குக்கா" என்றார்.

கீழ் ரூமில் இந்த மூன்று வருஷமாக அடித்தது மூடிக் கிடந்த வாடை மட்டும் இல்லை. மாமா வந்து கதவு திறந்தார், நாங்கள் மோந்தோம். அவ்வளவுதான் நடந்தது.

என் வீட்டுக்காரர் ஏறி வந்தார். பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "இத அப்பாகிட்ட சொல்லாத" என்றார் மெதுவாக. "அவரு நமக்கு நல்லதுன்னு வெச்சது. தன்னாலதான் இத்தினியும் ஆச்சின்னு ஒடஞ்சிப்போவாரு. சத்தமில்லாம எறக்கி வெச்சிடலாம். நாத்தம் நின்னா சரி."

அவர் சொன்னது நியாயம்தான். கொஞ்ச நேரம் யோசித்தேன். சாதாரணமாக நான் யோசிப்பவள் இல்லை. நாற்றம் நிற்கும், சரி. ஏன் நின்றது என்று மாமா கேட்கமாட்டார். தான் தண்ணீர் குடிக்காமல் இருந்ததால் நின்றது என்று நினைத்துக்கொள்வார். இன்னும் குறைத்துக் குடிப்பார்.

"சொல்லலேன்னா அவரு காலம் பூரா தன் ஒடம்பத்தான் மோந்துக்கினு இருப்பாரு. பானைய வெச்ச பழி ஒரு பழியா? இது வேணாம்ங்க. நான் சொல்லிடறன்" என்றேன்.

பானை உடையக்கூடாது என்று சுத்தியலால் தட்டித் தட்டி சிமென்ட்டைப் பெயர்த்தார். அதற்கே வெகு நேரம் பிடித்தது. பானையைத் தூக்கியதும் உள்ளே அடைபட்டுக் கிடந்தது மொத்தமும் அவர் முகத்திலேயே அடித்தது. ஏணியிலிருந்து விழாமல் தப்பித்தது முன்னோர் புண்ணியம். கீழே போய் மறுபடியும் நுரை பூசி மறுபடியும் ஃப்ளஷ் பண்ணினோம். நுரை அப்படியே படுத்துக் கிடந்தது.

பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்து வழியாகப் போனேன். மாமா வெண்டைப் பாத்தி ஓரம் உட்கார்ந்திருந்தார்.

"அத ஏன் பாப்பா எறக்கின?" என்று பதறினார்.

பானையை அவர் முன்னால் வைத்து, பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பைப் எதற்கு நிற்கிறது, காற்று எப்படிப் போகும், பானை எதை அடைத்தது, மேலே ஃப்ளஷ் பண்ணினால் கீழே ஏன் கிண்ணம் காலியாகிறது, எதையும் விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவான குரலில் பேசினேன். அவர் பானையின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாந்தான் அடச்சிருக்கறன்."

"ஆமா மாமா. நீங்களும் உங்க புள்ளயும் சேந்து. நான் போட்டோ எடுத்தன்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு கையை மோந்தார், சட்டையின் உள்பக்கத்தை இழுத்து மோந்தார்.

"அப்ப அந்த வாடை... எம்மேல வந்தது இல்லியா?"

"இல்ல மாமா. சத்தியமா இல்ல."

"ஒரு நாளும் இல்லியா?"

"ஒரு நாளும் இல்ல."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, எனக்குக் கேட்கவும் தைரியம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்துவிட்டு பானையைக் காலால் லேசாகத் தள்ளினார். "மீசையப் பாரு, திருட்டு மூஞ்சி. ஒரு குச்சி கொண்டா, இங்கயே நட்டுடலாம், வெண்டைக்காவது ஒதவட்டும்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, தண்ணி குடு. தாவமா கெடக்குது."

கட்டில் பக்கத்தில் காலையில் வைத்தது அப்படியே நிரம்பி இருந்த சொம்பை எடுத்து வந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, கழுத்து ஏறி இறங்க ஒரே மூச்சில் குடித்தார். நெஞ்செல்லாம் நனைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. காலிச் சொம்பை என்னிடம் நீட்டி, "இன்னும் குடு" என்றார்.